ஒரு பானைக் கறி

குடலுக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று எங்கள் டாக்டர் மும்தாஜ் அடிக்கடி சொல்வார். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. பொய் சொல்லத் தெரியாத ஒன்றோடு யாரால் குடும்பம் நடத்த முடியும்? ஆனாலும் பதினோரு வருடமாக நான் ஊழியம் செய்வது அந்தக் குடலுக்குத்தான். கருமலைப்பட்டி குடல் பரிசோதனை மையத்தில் நான் தலைமைச் செவிலி. பெயர் பவுன்தாய்.

நாற்பத்தைந்து வயதானால் எல்லாரும் எங்களிடம் வந்தாக வேண்டும், அது சட்டம். வருவதற்கு முந்தின நாள் வடிகஞ்சி, இளநீர், தெளிந்த ரசம், இவ்வளவுதான் ஆகாரம். சிவப்பாக எதுவும் கூடாது. சாயங்காலம் பேதி மருந்துப் பொடியை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு தம்ளர் என்று குடித்துத் தீர்க்க வேண்டும். கழிவறைக்கும் கட்டிலுக்கும் நடந்து நடந்து கால் ஓய்ந்து, கடைசியில் வெறும் தண்ணீராகப் போனால்தான் மறுநாள் குழாயை உள்ளே விட்டுப் பார்க்க முடியும். இதைத் தொண்டை கிழியச் சொல்வது என் வேலை. கேட்காமல் வருகிறவர்களைத் திட்டுவதும் என் வேலைதான், அதில் நான் குறை வைப்பதில்லை.

ஊரையே கழுவிவிடுகிற எனக்கு வீட்டுக்காரரைக் கழுவ முடியவில்லை. என் கணவர் தவமணி மூன்று வருடமாக மையத்து வேன் ஓட்டுகிறார். வயது நாற்பத்தெட்டு. சர்க்கார் மூன்று நோட்டீஸ் அனுப்பிவிட்டது. முதல் தடவை காலையில் பஸ் ஸ்டாண்டில் ஆறு உளுந்த வடையைத் தின்றுவிட்டு வந்தார். இரண்டாம் தடவை மருந்தில் பாதியைப் பப்பாளி மரத்துக்கு ஊற்றினார். மூன்றாம் தடவை கம்பம் ஊரில் யாரோ செத்துப்போனதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார். "யோவ், மரத்துக்கெல்லாம் வயிறு கழியுதுய்யா, ஒனக்கு எப்பய்யா?" என்று நான் கேட்பேன். "எனக்கு அது கூச்சமா இருக்கு பவுனு" என்பார். இதை வார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

சிரிக்க முடியாத ஒன்றும் அந்தச் சோதனையில் இருந்தது. நாலு வருடத்துக்கு முன்னால் புது இயந்திரம் வந்தது. குடலின் தோல் வாரம் ஒருமுறை உரிந்துவிடும், ஆனால் வேர் உரியாது. ஒருவர் தின்ற ஒவ்வொன்றும் அந்த வேரில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகிறது. எந்த உணவு கட்டியை வளர்க்கிறது என்று கண்டுபிடிக்கத்தான் அந்தக் கோடுகளைப் படிக்கும் வெளிச்சத்தை உண்டாக்கினார்கள். அந்தப் பதிவுக்குக் குடல் ஏடு என்று பெயர் வந்தது. பிறகு ஒரு சங்கதி தெரிந்தது. அதே ஆடு, அதே கிணற்றுத் தண்ணீர், அதே அம்மியில் அரைத்த மசாலா, இவை சேர்ந்து ஒரு பானையில் வெந்தால், அதைத் தின்ற எல்லார் குடலிலும் ஒரே மாதிரி கோடு விழுகிறது. போலீஸ்காரர்களுக்கு இது போதாதா? ஏட்டைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்று மறுவருடமே சட்டம் வந்தது.

நான் அன்று கைதட்டினேன், மறைக்க மாட்டேன்.

ஏனென்றால் ஆறு வருடத்துக்கு முன் என் தம்பி வீரணனைக் கொளுத்திக் கொன்றார்கள். காசிமாயனின் கல்குவாரியில் வெடி வைத்து ஊர்க் கிணறுகள் இடிந்தபோது, தம்பியும் மூன்று பேரும் குவாரி வாசலில் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். ஒரு ராத்திரி கொட்டகையை வெளியே பூட்டித் தீ வைத்துவிட்டார்கள். தம்பியின் இடது கைக் காப்பை வைத்துத்தான் அவனை அடையாளம் சொன்னேன். சாட்சிக்கு வந்த எல்லாரும் பல்டி அடித்தார்கள். மிஞ்சியது ஒரே ஒரு போட்டோ. அன்று பகலில் மலையடிக் கருப்பு கோயிலில் கிடா வெட்டிச் சமைத்த பானைக்குப் பக்கத்தில் காசிமாயன் அகப்பையோடு நிற்கிறான். கூட யார் சாப்பிட்டார்கள் என்று தெரியாது. அந்தப் பானைக் கறியைத் தின்றவர்கள்தான் ராத்திரி கொட்டகைக்குப் போனார்கள் என்பது மட்டும் ஊருக்கே தெரியும். காசிமாயனின் ஏட்டைப் படித்தால் அன்றைய கோடு கிடைக்கும். அந்தக் கோட்டை ஊரில் உள்ள எல்லார் ஏட்டிலும் தேடலாம். அவன் ஏடு இல்லாமல் எந்தக் கோட்டைத் தேடுவது என்றே தெரியாது, அதனால்தான் அன்று கூடத் தின்றவர்கள் துணிந்து வந்து சோதனை செய்துகொண்டார்கள். காசிமாயன் படுக்கிறவரை அவர்கள் குடலில் இருப்பது பேர் இல்லாத கோடு. அவன் படுக்க மாட்டான் என்று நம்பியிருந்தார்கள்.

அவன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு வந்தான்.

முதலில் கேட்டது எங்கள் காவலாளியின் அலறல். எட்டிப் பார்த்தேன். அவர் வலது காது தரையில் கிடந்தது. அவர் அதைப் பொறுக்கப் போக, சடையன் என்கிற காசிமாயனின் ஆள் செருப்புக்காலால் மிதித்து நின்றான். காத்திருந்த ஏழு நோயாளிகளையும் முடியைப் பிடித்து இழுத்துப்போய்க் கழிவறையில் தள்ளிப் பூட்டினார்கள். முந்தின நாள் முழுக்கப் பேதி குடித்த பாவங்கள், எதிர்த்து நிற்கக்கூடத் தெம்பில்லை. இன்னொருவன் டாக்டர் மும்தாஜின் கழுத்தில் அரிவாளை வைத்து அறைக்குள் தள்ளிக்கொண்டு வந்தான்.

பின்னாலேயே காசிமாயன் வந்தான். ஆறடி ஆள் பாதியாக உருகியிருந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"நாலு மாசமா ரத்தமாப் போகுது டாக்டரம்மா," என்றான். "எங்கய்யாவும் இப்பிடித்தான் போனாரு. பாத்துச் சொல்லு. நோய மட்டும் பாரு. ஏடு படிக்கிற பொத்தான அமத்திரு."

டாக்டர் மெலிந்த மனுஷி. நிமிர்ந்தே பதில் சொன்னார். "ரெண்டு பொத்தான் இல்லங்க. கட்டியக் காட்டுற வெளிச்சமும் ஏட்டப் படிக்கிற வெளிச்சமும் ஒண்ணுதான். அத அணைச்சா கட்டியும் தெரியாது."

"வேற எடத்துல?"

"எங்க போனாலும் இதே மெஷின்தான். உயிரா ரகசியமான்னு நீங்கதான் சொல்லணும்."

அவன் பல்லைக் காட்டினான். "படிச்சுக்க. அங்க ஒண்ணுமில்ல. நாலு நாளா கழுவித் தள்ளிட்டேன். நெலவாகை, கடுக்கா, வெளக்கெண்ண, அதுக்கு மேல ஒங்க பொடி மூணு பாக்கெட்டு. வேரு கீரு எல்லாம் வழிச்சு எடுத்தாச்சு."

நானும் டாக்டரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கழுத்தில் அரிவாள் இருக்கும்போதே அந்த அம்மாவின் உதட்டில் சிரிப்பு துடித்தது. அட முட்டாப் பயலே! வெளிச்சம் வேர்வரை போகத்தானே நாங்கள் கழுவச் சொல்கிறோம். கறையைப் போக்குகிறேன் என்று கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

கைரேகை வைத்தால்தான் வெளிச்சம் எரியும். பலகையை நீட்டினேன். எத்தனையோ பேருடைய கட்டைவிரலை அமுக்கிப் பிடித்துப் பத்திரம் வாங்கியவன், தன் விரலை எதற்கு வைக்கிறோம் என்று வாசிக்காமல் வைத்தான். படிக்கிற ஒவ்வொரு அங்குலமும் அப்போதே மாவட்டத் தலைமையிடத்துக்குப் போய்ச் சேரும் என்று அதில் எழுதியிருந்தது.

மயக்க ஊசி வேண்டாம் என்றான். எதிரிகள் நடுவில் தூங்க அவனுக்குப் பயம். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். டாக்டர் குழாயை உள்ளே செலுத்தினார். குழாய் வளையாமல் இருக்க அடிவயிற்றை அமுக்கிப் பிடிப்பது என் வேலை. என் தம்பியைக் கொன்றவனின் வயிறு என் இரண்டு கைக்குக் கீழே இருந்தது, வெதுவெதுப்பாக.

கொன்றுவிடலாம் என்று தோன்றியது. குழாய் முனை ஒரு வளைவில் முட்டும்போது நான் கொஞ்சம் அதிகமாக அமுக்கினால் போதும், குடல் கிழியும். மூன்று நாள் கத்திக் கத்திச் சாவான். டாக்டர் என் கையைப் பார்த்தார். "சிஸ்டர், மெல்ல," என்றார். அவருக்கு என் மனசு தெரியும்.

திரையில் குடல் ரோஜா நிறத்தில் பளபளத்தது. "இத்தன வருஷத்துல இவ்வளவு சுத்தமான குடல நான் பாத்ததில்ல," என்றார் டாக்டர். ஓரத்தில் கோடுகள் ஓடத் தொடங்கின.

காசிமாயனுக்கு வலி. வலித்தால் அவனுக்கு யாரையாவது வலிக்க வைக்க வேண்டும். என் பெயர்ப்பட்டையை வாசித்தான்.

"பவுன்தாயா? வீரணன் அக்காவா நீ?" என்று மூச்சுவாங்கச் சிரித்தான். "ஒன் பேரச் சொல்லித்தான் கத்துனான்த்தா. அக்கா, அக்கான்னு. கதவு வேகுற வரைக்கும் கத்துனான்."

அமுக்கிப் பிடித்திருந்த கை முஷ்டியானது. முழங்கைவரை பலம் திரட்டி அவன் வயிற்றில் ஒரு குத்து விட்டேன். இன்னொன்று. அவன் போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. "யாரக் கொளுத்துன? சொல்றா, யாரக் கொளுத்துன?" என்று கத்தியபடி குத்தினேன். சடையன் என் கூந்தலைப் பிடித்துச் சுவரில் மோதினான். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணை மூடியது. அரிவாள் மேலே போவது மங்கலாகத் தெரிந்தது.

அப்போது கதவை உடைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் வந்தார்.

அந்த மனுஷனை அப்படி நான் பார்த்ததே இல்லை. எனக்கு விழ வேண்டிய வெட்டைத் தோளில் வாங்கினார். சதை பிளந்து வெள்ளையாக எலும்பு தெரிந்தது. விழவில்லை. குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் இரும்புக் கம்பியைப் பிடுங்கிச் சடையன் முகத்தில் அடித்தார். பல் தெறித்தது. சடையன் சரிந்தான். அவர் மறுபடியும் ஓங்கினார். கம்பி இயந்திரத்தின் மேல் விழுந்து திரை நொறுங்கியது. இன்னொரு தடவை ஓங்கினார், அதுவும் இயந்திரத்தின் மேல்தான். மூன்றாம் அடியில் பெட்டி பிளந்து புகை வந்தது.

"யோவ், அங்கிட்டு இல்லய்யா, இவன அடிய்யா!" என்று கத்தினேன்.

கட்டிலில் கிடந்த காசிமாயன் அவரைப் பார்த்துச் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, அப்படி ஒரு சிரிப்பு. "அடிறா தம்பி, நல்லா அடி," என்றான். வலியில் பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

மற்றவன் அரிவாளோடு பாய்ந்தான். டாக்டர் மும்தாஜ் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"நில்லு! கொழா இன்னும் ஒங்கண்ணன் வயித்துக்குள்ள இருக்கு. ரெண்டடி. நான் இந்தக் கட்டவெரலத் திருப்புனா குடலு ரெண்டாக் கிழியும். அருவாளக் கீழ போடு."

அவன் காசிமாயனைப் பார்த்தான். ஆறு கொலை வழக்கிலும் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு கையெழுத்துக்கூடப் போடாதவன், பின்பக்கம் திறந்த பச்சை அங்கியில், முழங்காலை மடித்துக்கொண்டு, "போட்றா, போட்றா" என்று அழுதான். அரிவாள் தரையில் விழுந்தது. காது போன காவலாளி அதை ஊர்ந்துபோய் எடுத்துக்கொண்டு, அதன் பிடியாலேயே அவன் முட்டியை உடைத்தார். போலீஸ் வரும்வரை டாக்டர் கையை எடுக்கவில்லை.

குழாயை உருவும்போது அவர் காசிமாயனிடம் சொன்னார்: "தெர ஒடையிறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன், கட்டி இருக்கு. சின்னதுதான். அறுத்தா பொழச்சுக்குவீங்க."

அவன் டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டான். எனக்குக் காறித் துப்பலாம் போலிருந்தது. என் தம்பிக்குக் கிடைக்காத ஆயுசு இவனுக்குக் கிடைத்திருக்கிறது.

மதியம் இரண்டு மணிக்கு என் நெற்றியில் ஏழு தையல், தவமணியின் தோளில் இருபத்திரண்டு. கட்டுப்போடும் அறையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இளநீரைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தேன். மையத்து ஆயா வெளியே, "அக்கா புருசன் சிங்கம்ல!" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். பெருமையாகத்தான் இருந்தது. பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் அந்த மனுஷன் மேல் அத்தனை ஆசை எனக்கு வந்ததில்லை.

இன்ஸ்பெக்டர் அல்போன்ஸ் உள்ளே வந்தார். கையில் ஒரு தாள்.

"மெஷின் ஒடஞ்சதுல ஒண்ணும் நட்டமில்ல சிஸ்டர். அதுக்குள்ள ஏடு முழுசும் தலைமையிடத்துக்குப் போயிருச்சு," என்றார். தவமணியின் தொண்டையில் இளநீர் புரையேறியது. நான் அவர் தலையைத் தட்டினேன்.

"கோடு கெடச்சுதா சார்?"

"கெடச்சுது. ஊர்ல இதுவரைக்கும் சோதன செஞ்ச எல்லார் ஏட்டுலயும் தேடியாச்சு. ஒம்பது பேரு ஒத்துப் போகுது. எட்டுப் பேரத் தூக்க வண்டி போயிருக்கு." அவர் தொப்பியைக் கழற்றினார். "ஒம்பதாவது நீங்க சிஸ்டர்."

எனக்குப் புரியவில்லை. தாளை வாங்கிப் பார்த்தேன். எட்டு ஆண் பெயர்கள். கடைசியில் என் பெயர், வயது, பணி எண். இயந்திரம் வந்ததும் மையத்து ஆட்களுக்குத்தான் முதல் சோதனை செய்தார்கள். சமைத்தவள்தானே முதலில் உப்புப் பார்க்க வேண்டும் என்று சொல்லி நானே முதல் ஆளாகப் படுத்தேன்.

"மலையடிக் கருப்பு கோயில் எல்லைய பொம்பளைங்க மிதிக்க மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும்," என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தக் கறிய வாசப்படி ஏத்தக் கூடாது, மிஞ்சுனத அங்கயே குழி தோண்டிப் பொதச்சிறணும், அதுவும் தெரியும். மெஷினுக்குத் தெரியாது. சட்டப்படி ஒங்களக் கூட்டிட்டுப் போகணும். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன். ஆறு வருசத்துக்கு முன்னாடி ஆனி மாசம், அந்தக் கறிய ஒங்களுக்கு யாரு கொண்டாந்து குடுத்தா?"

கரண்டி என் கையில் நின்றது.

ஆறு வருடத்துக்கு முன் ஆனி மாதம் எனக்கு நாலு மாதம். பன்னிரண்டு வருடம் கழித்து, நாற்பது வயதில் வயிற்றில் தங்கியவள் எங்கள் குயிலி. மசக்கையில் எதைத் தின்றாலும் வாந்தி. ஒரு நாள் பொழுது சாய, அப்போது குவாரி லாரி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், மடியில் மறைத்துத் தேக்கிலைப் பொட்டலம் ஒன்று கொண்டுவந்தார். "கோயில் கறி பவுனு. நீ கறி கறின்னு ஏங்குனியே. வெளிய மூச்சு விட்றாத, சாமி குத்தம்." அத்தனையும் தின்றேன், இலையை வழித்து நக்கினேன். வாந்தி வரவில்லை. எனக்காகச் சாமியையே ஏமாற்றிய மனுஷன் என்று ஆறு வருடமாக அதை நெஞ்சுக்குள் வைத்திருந்தேன். மறுநாள் விடியக்காலம் தம்பியின் செய்தி வந்ததில், அந்தக் கறியையும் அந்தச் சாவையும் சேர்த்து நினைக்கவே எனக்குத் தோன்றவில்லை.

ஆறு வடை. பப்பாளி மரம். கம்பத்துச் சாவு. கம்பி குறி தப்பவே இல்லை.

அவர் பக்கம் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நான் வண்டிதான் ஓட்டுனேன் பவுனு," என்றார். "மெரட்டத்தான் போறோம்னாங்க. பூட்டுவாங்கன்னு சத்தியமாத் தெரியாது. வீரணன் அன்னிக்கி ஊர்ல இல்லன்னு நெனச்சேன். திரும்பி வந்து சொல்லலாம்னா… உப்பத் தின்னுட்டேன். சொன்னா ஒன்னையும் புள்ளையையும் கொளுத்திருவாங்க."

"கறி கொண்டாந்தப்ப வெளிச்சம் இருந்துச்சு," என்றேன். "தீ வச்சது ராத்திரி. நான் தின்னு முடிக்கிற வரைக்கும் எதுத்தாப்புல ஒக்காந்து பாத்துக்கிட்டு இருந்த. அப்ப என் தம்பி உசுரோட இருந்தான். ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஓடிப்போயிக் கூட்டியாந்திருப்பேன்ல? கால் மணி நேர நடதானய்யா?"

அவர் அழுதார். தோள் கட்டின் மேல் ரத்தம் கசிந்தது. இரண்டு கையாலும் அவர் முகத்தில் அறைந்தேன், மாறி மாறி. தையல் பிரிந்து என் நெற்றியிலும் ரத்தம் ஓடியது. இன்ஸ்பெக்டர் தடுக்கவில்லை. கை ஓய்ந்தபோது நிறுத்தினேன். எனக்காக வெட்டு வாங்கிய தோள்தான் அது. அதையும் நான் மறக்கவில்லை, அதுதான் கொடுமை.

"சிஸ்டர், நீங்க வாயால சொன்னாப் போதும்," என்றார் அல்போன்ஸ்.

"வாயால சொன்னவங்க எல்லாம் கோர்ட்டுல மாத்திச் சொன்னாங்க சார்."

எழுந்துபோய் அலமாரியைத் திறந்தேன். பொடிப் பாக்கெட்டைக் கிழித்து, கூஜாவில் இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றிக் கரைத்தேன். கட்டி இல்லாமல் கரைய வேண்டும், இல்லாவிட்டால் குமட்டும். தம்ளரில் ஊற்றி அவர் நல்ல கையில் கொடுத்தேன்.

"பக்கத்து ஊர் மையத்துல மெஷின் நல்லாத்தான் இருக்கு. நாளக் காலையில எட்டு மணிக்கு ஒன் மொற. இந்தத் தடவ நான் பக்கத்துலயே இருப்பேன்."

அவர் தம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தம்ளரை நீட்டினார்.

கால் மணி நேரம் கழித்து அடுத்ததை ஊற்றினேன்.